மூணே முக்கால் மணி நேரம்

தம்பி, மெட்ராஸ் பிளேன் எறங்கிட்டா? போர்டுல என்ன போட்டிருக்கான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க, கண்ணாடிய வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டேன். லேட்டா? லேட்டாத்தான் இருக்கும். நேரத்துக்கு வந்தாத்தான் அதிசயம்.

இப்படி உக்காருங்க. நீங்க யாரக் கூப்பிட வந்திருக்கிய? மாமியாரா? சரி சரி. நான் எம் வீட்டுக்காரிக்காக நிக்கேன். இன்னைக்கு வாரான்னு இல்ல. வாரேன்னு சொல்லிருக்கா, என்னைக்குன்னு சொல்லல. அதனால வெள்ளிக்கிழமையானா டவுன்ல இருந்து பஸ்ஸப் புடிச்சு வாகைக்குளத்துல எறங்கி, இங்க ஒரு பார்வ பாத்துட்டுப் போறது. வாசல்ல நிக்க செக்யூரிட்டிக்காரங்களுக்கெல்லாம் என்னத் தெரியும். வாங்கய்யாம்பாங்க.

அவ வார ஊரு ஜோர்ஹாட். அஸ்ஸாம்ல இருக்கு.

பாத்தியளா, நீங்களும் வாயப் பொளக்கிய. எல்லாரும் இப்படித்தான். தூரமெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி. தூத்துக்குடிக்கும் ஜோர்ஹாட்டுக்கும் ரெண்டாயிரத்து அறுநூத்திச் சொச்சம் கிலோமீட்டர். பிளேன்ல மூணே முக்கால் மணி நேரம். நானாச் சொல்லல, போன்ல போட்டிருக்கான். இந்தா பாருங்க, அழிக்காம வச்சிருக்கேன். இந்த ஏர்போர்ட்டுப் பேரு, அந்த ஏர்போர்ட்டுப் பேரு, நடுவுல ஒரு கோடு. கீழ தூரம், அதுக்குக் கீழ நேரம். இங்க இருந்து மெட்ராஸுக்கு பஸ்ல போனா ராப்பூரா போகணும். அப்ப எது பக்கம்? நீங்களே சொல்லுங்க.

எனக்கு இதுல ஒரு கணக்கு உண்டு. நான் சாமானியமா இதச் சொல்லல. முப்பது வருசம் பஸ் டிப்போல டைம் கீப்பரா இருந்தவன். பஸ் ஸ்டாண்டுல கூண்டு மாதிரி ஒரு ரூமுக்குள்ள மைக்க வச்சுக்கிட்டு ஒருத்தன் உக்காந்திருப்பாம்லா, அது நாந்தான். தூரம் இவ்வளவுன்னா ரன்னிங் டைம் இவ்வளவு. அதுக்கு மேல டிரைவர் ஒரு வார்த்த பேசக் கூடாது. ரயில்வே கேட்ட அடச்சுட்டான், ஆடு குறுக்க வந்துட்டு, பாலத்துல தண்ணி, எத்தன கத கேட்டிருப்பேன். ஒரு நா கோவில்பட்டிப் பக்கம் போற கடைசி வண்டி. ஒரு பொம்பள ஓடி வாரா. அவ புருசன ஆஸ்பத்திரில இருந்து தூக்கிட்டு வாராவளாம், அஞ்சு நிமிசம் நிறுத்துங்கய்யான்னு கால்ல விழுந்துட்டா. நான் விசில ஊதிட்டேன். ஒருத்திக்கு நிறுத்தினா ஊருக்கே நிறுத்தணும்லா. இந்த நயினார் டூட்டின்னா டிரைவரெல்லாம் சட்டப் பட்டனப் போட்டுட்டுத்தான் கிட்ட வருவான்.

டீயா? வேண்டாம் தம்பி, எனக்குச் சக்கர. நீங்க குடிங்க.

எம் பையன் ராஜா. ஒத்தப் பையன். பெங்களூர்ல வேல பாத்த எடத்துல ஒரு பிள்ளயக் கெட்டிக்கிட்டான். அஸ்ஸாம்காரப் பிள்ள, அந்த ஜோர்ஹாட்டுதான். ஜுனாலின்னு பேரு. அது நம்ம வாயில நிக்குமா? ஜானகின்னு மாத்திட்டேன். நான் ஒரு சண்ட போடல, ஒரு சத்தம் போடல. வீட்டுக்குள்ள விட்டேன். எத்தன பேரு விடுவான்? பொறவு ராஜாவுக்கு இங்கனயே ஹார்பர்ப் பக்கம் ஒரு கம்பெனில வேல கெடச்சுது. எல்லாரும் ஒரே வீட்டுலதான் இருந்தோம். பிள்ள தமிழ் படிச்சுட்டா. எல்லாம் எம் வீட்டுக்காரி ஆவுடையம்மா சொல்லிக் குடுத்ததுதான். மத்தியானமானா போதும், ரெண்டு பேரும் ஒருத்தி தலைய ஒருத்தி புடிச்சுக்கிட்டு எண்ணெ தேய்க்கதும் சிரிக்கதும். நான் ஒரு செம்புத் தண்ணி கேட்டாக் காதுல விழாது.

அந்தப் பிள்ள அப்பப்ப மொகத்தத் தூக்கி வச்சுக்கிடும். அம்மா ஞாபகம். தகப்பன் இல்ல, அம்மாவும் ஒரு அண்ணனுந்தான். நாந்தான் போன எடுத்துக் காட்டித் தேத்துவேன். "எம்மா, உங்க வீடு மெட்ராஸ விடப் பக்கம்மா. மூணே முக்கால் மணி நேரம். காலைல இங்க இட்லி தின்னுட்டு ஏறினா, மத்தியானச் சோறு உங்க அம்மா கையால. எதுக்கு அழுவுத?" ராஜாதான் நடுவுல விழுவான். "நேர போற பிளேனே கெடையாதுப்பா. மெட்ராஸ் போயி, கல்கத்தா போயி, அங்க ஒரு நாள் தங்கி, பொறவு ஜோர்ஹாட். மழைன்னா அதுவும் எறங்காது." நான் விடுவேனா? "ஏல, நிக்கது வேற, ஓடுதது வேற. நின்ன நேரத்தத் தூக்கி தூரத்தோட சேக்கக் கூடாது. உங்கொப்பனுக்கே கணக்குச் சொல்லிக் குடுக்கியா?"ன்னு கேட்டேன். பேசாமப் போயிட்டான். அவனுக்கு எம்மேல எப்பமுமே ஒரு மரியாத உண்டு.

போன ஆவணியில எனக்கு அறுபதாம் கல்யாணம். மண்டபம் புடிச்சு, டிப்போ ஆளுங்க, சொந்தக்காரன், எல்லாருக்கும் சொல்லி அமர்க்களமாப் பண்ணினேன். போட்டோ இருக்கு, பாருங்க. இதுதான் ஆவுடை. தல நனைஞ்சிருக்குல்லா, கும்பத்துத் தண்ணி ஊத்துத நேரம். சல்லடையப் புடிச்சுக்கிட்டு நிக்காம்லா, அது ராஜா. பின்னால சொம்பத் தூக்கிட்டு நிக்காளே, அதான் மருமவ. என்னமாச் சிரிக்கா பாருங்க. பல்லுத் தெரியச் சிரிக்கா. வீட்டு ஹால்ல இதப் பெருசாப் போட்டு மாட்டியிருக்கேன். வாரவங்கல்லாம் உங்க மருமவளுக்கு உங்க மேல எம்புட்டுப் பிரியம்னு கேக்காவ. இப்படிச் சிரிச்ச பிள்ளதான் இன்னைக்கு எங்கூட ஒரு வார்த்த பேச மாட்டேங்கா. எனக்கு வயிறு எரியுமா எரியாதா?

நடந்ததச் சொல்லுதேன், நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்க.

விசேசத்துக்கு முந்தின நாளு அந்த அண்ணங்காரன் பேசினான். அவ அம்மாவுக்கு ரொம்ப முடியலியாம், ஆஸ்பத்திரில சேத்திருக்காவளாம், இவளத் தேடுதாளாம். இவ ஒடனே பெட்டிய எடுத்துட்டா. நான் சொன்னேன், "எம்மா, நாளைக்கு ஒரு நாளு. விடிஞ்சா விசேசம். தண்ணி ஊத்தி முடிச்சு, பந்தி முடிஞ்சதும் நானே ஏர்போர்ட்டுல கொண்டு விடுதேன். மூணே முக்கால் மணி நேரந்தான? அதுக்குள்ள என்ன ஓடியா போயிரப் போறாவ?" ஆவுடை குறுக்க வந்தா. "அவ போகட்டுங்க. நாம ரெண்டு பேரும் இருக்கோம், ராஜா இருக்கான். அம்மாவத் தேடுதது பாவம்லா." அதெப்படிப் போவா? எனக்கு ஒத்த மருமவ. மவனும் மருமவளும் சேந்து தண்ணி ஊத்தணும். வார சனம் மருமவ எங்கன்னு கேட்டா நான் என்ன சொல்ல? ராஜாவும் நிக்கான், அப்பா சொல்லட்டும்னு. சரின்னு அந்தப் பிள்ள பெட்டியக் கீழ வச்சுட்டா. நான் கட்டாயப்படுத்தல தம்பி. அவளாத்தான் வச்சா.

ஆனா போனக் கையில வச்சுக்கிட்டு அழுதுக்கிட்டே இருக்கு. நல்ல நாளு அதுவுமா வீட்டுல கண்ணீர் விழலாமா? போனக் குடும்மான்னு வாங்கி நான் வச்சுக்கிட்டேன். யாராவது பேசினா நானே சொல்லுதேன்னு சொன்னேன்.

அன்னைக்குச் சாயங்காலம் ஐயர் சாமான் லிஸ்ட் குடுக்க வந்தாரு. அவருகிட்ட ஒரு பேச்சுக்குக் கேட்டேன். ஒரு வேள சம்பந்தி தவறிட்டா எப்படிச் சாமின்னு. பொண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் மூணு நாள் தீட்டு, அவங்க தண்ணி ஊத்தக் கூடாதுன்னாரு. இருக்கது ஒத்தப் பையன். அவனுக்கும் தீட்டு, அவளுக்கும் தீட்டுன்னா யாரு ஊத்துவா? பொறவு அவரே சொன்னாரு, சேதி காதுல விழுந்த நேரத்துல இருந்துதான் தீட்டு, விழாத வரைக்கும் ஒண்ணுமில்லன்னு. அதுக்கப்புறந்தான் எனக்கு மூச்சே வந்துச்சு.

காலைல மண்டபத்துல நான் வேட்டி மாத்திக்கிட்டு இருக்கேன், அவ போன் அடிக்கு. எடுத்தேன். அண்ணங்காரன். இங்கிலீஷ்ல பேசுதான். நமக்கு அம்புட்டு வராது, ஆனா மதர் எக்ஸ்பயர்டுன்னாத் தெரியும்லா. தங்கச்சி எங்க, தங்கச்சியக் குடுன்னு அழுதான். ஓகே ஓகேன்னு சொல்லி வச்சுட்டேன். போன அணைச்சு, பையில மஞ்சத் துணிக்குக் கீழ வச்சுட்டேன். ஒரு ஈ எறும்புக்குத் தெரியாது. நான் வெளிய ஒண்ணும் காட்டல. முப்பது வருசம் மைக்குல ஒரே கொரல்ல பேசிப் பழகினவன்.

பொம்பளையாளுக ரூமுல பிள்ள உம்முன்னு உக்காந்திருக்கா. ஆவுடை அவளுக்குப் பூ வச்சுவிடுதா. இந்த மொகத்தோட வந்து தண்ணி ஊத்தினா எனக்கு நல்லதா? அதனால ஒரு நல்ல வார்த்த சொன்னேன். "ஜானகி, உங்க அண்ணன் பேசினாம்மா. அம்மா தேறிட்டாவளாம். காலைல கஞ்சி குடிச்சாவளாம்." சொல்லி முடிக்கல தம்பி, பொசுக்குன்னு என் கால்ல விழுந்துட்டா. என் ரெண்டு காலையும் புடிச்சுக்கிட்டு அப்பா அப்பாங்கா. அதுவரைக்கும் மாமான்னுதான் கூப்பிடுவா. எனக்கே கண்ணு கலங்கிட்டு.

அந்தச் சிரிப்புதான் இந்தப் போட்டோவுல இருக்கது. ஒரு கொறையில்லாம முடிஞ்சுது. தண்ணி ஊத்தி, புதுச்சேல கெட்டி, ஆவுடை கழுத்துல ரெண்டாந்தாலி கெட்டி, பந்தியும் போட்டாச்சு. கடைசிப் பந்தி எந்திரிச்சதும் பிள்ளயத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னேன், அம்மா தவறிட்டாவன்னு. நான் வேற யாரையும் விட்டுச் சொல்லச் சொல்லல, நானேதான் சொன்னேன். அவ அழல. போனக் குடுங்கன்னு கைய நீட்டினா. குடுத்தேன். அண்ணன் கூடப் பேசினா. பேசிட்டு அந்தத் தண்ணி ஊத்தின சொம்பு இருந்துச்சுல்லா, அது பக்கத்துலயே போயி உக்காந்துட்டா. பாத்திரத்தயெல்லாம் அள்ளுதவங்க வந்து கேட்டும் சொம்பக் குடுக்கல.

ஆவுடை எங்கிட்ட வந்தா. "போன் எப்ப வந்துச்சு?"ன்னா. காலைலதான்னேன். "அவளுக்குப் பூ வைக்கும் போதே உங்களுக்குத் தெரியுமா?"ன்னா. தெரியும், ஆனா அவ காதுல விழலல்லா, தீட்டு இல்ல, ஐயர்கிட்டயே கேட்டுட்டேன், நீ ஒண்ணும் பயப்படாதன்னேன். அவ பயப்படுவாளேன்னுதான் சொன்னேன். அவ நேர மண்டபத்துக் கெணத்தடிக்குப் போயி, அந்தக் கூறைச் சேலையோட, வாளி வாளியா மோந்து தலையில ஊத்துதா. நான் பின்னாலயே போயி, "ஏட்டி, சம்பந்தித் தீட்டு நமக்குக் கெடையாது, நீ எதுக்கு முழுகுத?"ன்னு கேக்கேன். ஊத்திக்கிட்டே இருக்கா. காதுல வாங்கல.

அன்னைக்கே மூணு பேரும் கெளம்பிட்டாவ. பிள்ளைக்குத் தொணைக்குப் போறேன்னு ஆவுடையும் போனா. மெட்ராஸ்ல போயி நின்னு, கல்கத்தாவுல போயி நின்னு, அங்க மழைன்னு மறுபடியும் நின்னு. இவங்க போயிச் சேந்தப்ப எல்லாம் முடிஞ்சு போச்சு. சாம்பல்தான் இருந்துச்சாம். ஊருக்குள்ள தண்ணி ஏறிக்கிட்டு வந்துச்சாம், வச்சிருக்க முடியலையாம். நான் கேக்கேன், வச்சிருக்கணும்லா? பெத்த பொண்ணு வாரான்னு தெரியும்லா? இவங்களும் மூணே முக்கால் மணி நேரத்துல போற எடத்துக்கு ரெண்டு நாளு போனா அவங்கதான் என்ன செய்வாங்க? இதுல எந் தப்பு எங்க இருக்கு? ராஜா போன்ல எங்கிட்டக் கேக்கான், "முந்தின நாளே விட்டிருந்தா அவ அம்மா மொகத்தப் பாத்திருப்பாளேப்பா"ன்னு. பெத்த தகப்பங்கிட்டக் கேக்குற கேள்வியா இது?

அதோட அவன் திரும்பி வரல. அங்கயே ஒரு தேயில கம்பெனில வேல தேடிக்கிட்டான். அந்தப் பிள்ள அப்பவே மாசமா இருந்திருக்கா, யாருக்கும் தெரியல. பங்குனியில கொழந்த பொறந்துட்டு. ஆம்பளப் பிள்ள. இன்னும் ஒரு போட்டோ அனுப்பல எனக்கு. நான் டெய்லி மெஸ்ஸுல சாப்பிடுதேன். அறுபது வயசுக்கு மேல மெஸ்ஸு சாம்பார்.

நீங்க போயிப் பாக்கலாம்லாங்கியளா? நானா? நல்லாச் சொன்னிய போங்க. மெட்ராஸ்ல எறங்கி, கல்கத்தாவுல எறங்கி, அங்க எங்கயோ ஒரு நாள் படுத்து, மறுபடியும் ஏறி, ரெண்டு நாளு யாரு அலைய? இந்த இடுப்புக்கு அதெல்லாம் ஒத்துக்கிடாது. அம்புட்டுத் தூரம் நான் எப்படிப் போவேன்?

அவதான் வரணும். அதான மொற.

மொதல்ல நான் போன் போட்டா ஆவுடை எடுப்பா, கொழந்த அழுவுதுன்னு வச்சுருவா. போன மாசம் நான் விடல. "ஏட்டி, புருசன் வீட்டுக்கு எப்ப வாரே? நாக்குச் செத்துப் போச்சு. எனக்கு ஒரு பதிலச் சொல்லிட்டு வையி"ன்னேன். அவ கோவப்படல. சிரிச்ச மாதிரிகூட இருந்துச்சு. மெதுவாச் சொன்னா, "எதுக்கு அவசரப்படுதிய? மூணே முக்கால் மணி நேரந்தான. நெனச்சா வந்துருவேன்."

கேட்டியளா? முப்பத்தஞ்சு வருசத்துல அவ எங் கணக்க ஒத்துக்கிட்டது அன்னைக்குத்தான். எனக்கு ரொம்பச் சந்தோசமாயிட்டு. அவ வாயாலயே சொல்லிட்டா. மூணே முக்கால்னு. அன்னையில இருந்துதான் இங்க வாரேன். நெனச்சா வந்துருவேன்னா என்னைக்கு நெனப்பான்னு நமக்கென்ன தெரியும்? வந்து எறங்கி நிக்கையில கூப்பிட ஆள் இல்லன்னா மொகம் வாடிரும். அவளுக்குத் தனியா ஆட்டோ பேசத் தெரியாது.

அந்தா, சனம் வர ஆரம்பிச்சுட்டு. உங்க மாமியார் யாரு, அந்த வெள்ளச் சேலையா? இல்லையா. பைய வரட்டும், இருங்க. நானும் எந்திரிச்சே நிக்கேன். பொம்பளையாளா வந்தா மட்டும் கொஞ்சம் சொல்லுங்க, கண்ணாடி இல்லாம எனக்கு எல்லாம் ஒரே மாதிரித் தெரியுது. ஆவுடை கொஞ்சம் குட்டையா இருப்பா, எடக் கையில பையைத் தூக்குவா.

இந்தச் சட்டப் பையில என்னன்னு பாக்கியளா? இது அவளோடதுதான். பேப்பர்ல மடிச்சு வச்சிருக்கேன். அவ போன மறுநாள் பூச அலமாரியத் தொறந்தா சாமி படத்துக்கு முன்னால இருக்கு. ரெண்டு தாலியும். கல்யாணத்துல கெட்டினது, அறுபதாம் கல்யாணத்துல கெட்டினது, ரெண்டையும் கழட்டி வச்சுட்டுப் போயிருக்கா. பிளேன்ல ஏறதுக்கு முன்னால ஒரு கதவு மாதிரி வச்சிருக்காம்லா, நக போட்டுட்டுப் போனா அது சத்தம் போடும்னு யாரோ அவளப் பயங்காட்டியிருக்காவ. அவளுக்கு என்ன தெரியும், மொதத் தடவ பிளேன்ல போறவ. பயந்து போயி கழட்டி வச்சுட்டா.

வரட்டும். இந்த வாசல்லயே வச்சு நானே கெட்டி விட்டுருதேன்.